பாரே

க்யூர்பீப்பில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
பெய்யாதபோதுதான் சொல்வோம்.

லென்ஸின் பின்கண்ணாடியில் பூஞ்சை
நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தது.
பெராக்சைடும் அமோனியாவும் சரிபாதி,
பஞ்சில் தொட்டு நடுவிலிருந்து விளிம்புக்கு.
போய்விட்டது, சன்னமான ஒரு தழும்பைத் தவிர.
தழும்பைப் பற்றிச் சொல்வேன்.
படத்தில் தெரியாது என்பதையும் சொல்வேன்.

என் தவறு அதற்குப் பிறகு.

கிரீஸ் மெழுகாய் இறுகியிருந்தது.
லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்துத் திருகினேன்.
ஒன்றுக்குள் ஒன்றாயிருந்த வளையங்கள்
வழுக்கிப் பிரிந்தன.
பிரிகிற இடத்தில் ஊசியால் கோடு கிழித்திருக்க வேண்டும்.
கிழிக்கவில்லை.
குக்கர் விசிலடித்தது, எழுந்து போனேன்.
காரணம் சொல்லவில்லை,
நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த மரைக்கு எட்டு வாசல்.
எட்டிலும் நுழையும்.
எட்டிலும் வெண்ணெயாய்ச் சுழலும்.
ஏழில் தூரம் வராது.

ரசீதில் பெயர் எழுதும்போது கவனித்தேன்:
ஆர்னாசெல்லோம், கிறிஸ்டியான்.
கப்பலிலிருந்து இறங்கிய ஓர் அருணாசலத்தை
எந்தக் குமாஸ்தாவோ தப்பு வாசலில் ஏற்றிவிட்டிருக்கிறார்.
நூற்றைம்பது வருடமாய்த் தடையில்லாமல் சுழல்கிறது.
என் அடையாள அட்டையிலும் ஓர் எழுத்து குறைவு.
யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

கிறிஸ்டியான் ரோஸ் ஹில் பஸ் ஓட்டுகிறார்.
கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினால்
ஏழு நிமிடம் அவருடையது.
படம் எடுப்பார். ஆட்களை அல்ல,
இருக்கைகளை.
எழுந்து போனவரின் குழி
மெல்ல மெல்ல மேலேறி வருமாம்.
பருமனான பெண்மணி என்றால்
ஒரு நிமிடம்கூட ஆகுமாம்.

தினமும் போனில் ஒரே சொல்:
பாரே?
க்ரியோலில் அது கேள்வி, தயாரா என்று.
என் காதில் தமிழாய் விழுகிறது, ஏவலாய்.
பார்க்கத்தானே பார்க்கிறேன்!
ஜன்னலுக்கு வெளியே ஜோசியானின் கோழிக்கூண்டு வரைதான்
இந்த வாரம் உலகம்.
கூண்டு பன்னிரண்டு மீட்டர்.
எனக்குக் கிலோமீட்டர் கணக்கில் வேண்டும்.
இருக்கை ஒரு மீட்டர்தானே மதாம், என்றார்,
முடிவிலி எனக்கு எதற்கு?

பதில் தெரியவில்லை.
வளையத்தில் அந்தக் குறி இருக்கிறது,
படுத்துக் கிடக்கும் எட்டு.
குறி இருந்தால் அங்கே அது இருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள், ஞாயிறு, நாலரை மணி.
கூரையில் சத்தம் நின்றது.
காமிராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு
த்ரூ ஓ செர்ஃப் மேட்டுக்கு ஓடினேன்.
பாதி வழியில்தான் தெரிந்தது,
செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி.

பின்கதவைத் திறந்து
பிலிம் ஓடும் சட்டத்தில் மங்கல் டேப் ஒட்டினேன்.
ஷட்டரைத் திறந்தபடி பூட்டி
உருப்பெருக்கியில் கண்ணை வைத்தேன்.
முதல் வாசல்: பால்.
இரண்டாவதும் பால்.
மூன்றில் மலை மாதிரி ஒரு சந்தேகம்.
கழற்று, ஏற்று, விரலெல்லாம் கிரீஸ்.
ஜாகிங் வந்தவர் கேட்டார்,
ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?
எட்டில் ஒன்றை, என்றேன்.
அவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

ஆறாவது வாசல்.
வளையம் கடைசிப் புள்ளியில் முட்டி நிற்க
ரெம்பார் மலை தலைகீழாய்த் தொங்கியது
தீப்பெட்டியைவிடச் சிறிய டேப்பில்,
பல் பல்லாய், ஈரமாய்.
அதற்கு மேலே, அதாவது கீழே,
கரும்புக் காட்டுச் சாலையில்
ஒரு லாரி கவிழாமல் கவிழ்ந்து போனது.

இரண்டு நிமிடம் இருக்கும்.
மேகம் வந்து மூடியது.
அதற்குள் கோடு கிழித்துவிட்டேன்.

போன் அடித்தது. அவர் கேட்குமுன் நானே சொன்னேன்,
பாரே.
எந்த மொழியில் என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வந்தார்.
வளையத்தை நேரே கிட்டத்துக்குத் திருப்பி
நான் எழுந்துவந்த நாற்காலியைக் குறிபார்த்தார்.
தூரத்துப் பக்கம் போகவே இல்லை.
காசை எண்ணி வைத்தார், ஐம்பது ரூபாய் குறைவாக.
ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்:
ஆறாம் வாசல். உள்ளே ஊசிக்கோடு இருக்கிறது.
அடுத்து யார் பிரித்தாலும்
முதலில் குக்கரை இறக்கிவிடவும்.